ஊசிமுனைப் புள்ளியில் துல்லியம் இல்லை

கண்ணாடியில் தெரியும் ஒளிப்புள்ளியை வைத்துக் குறிபார்க்கும் துப்பாக்கி சைட்டை, அதாவது ரிஃப்ளெக்ஸ் சைட்டை, வாங்கப் போகிறவருக்கு எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே யோசனையைத்தான் சொல்கிறார்கள். துல்லியம் வேண்டுமானால் புள்ளி சின்னதாக இருக்கட்டும். வேகம் வேண்டுமானால் புள்ளியைச் சுற்றி வளையம் இருக்கட்டும். இரண்டும் வேண்டுமானால் இரண்டும் உள்ளதாகப் பார்த்து வாங்கு. கடைக்காரர் இதைச் சொல்கிறார், ரேஞ்சில் பக்கத்துத் தடத்தில் நிற்பவர் சொல்கிறார், பல வருடம் போட்டிகளில் சுட்டுப் பழகியவர்களும் சொல்கிறார்கள். அமெரிக்காவில், டெக்சஸில், வார இறுதிப் பிஸ்டல் போட்டிகளில் பத்து வருடமாகச் சுட்டு வருகிறேன். முதல் மூன்று வருடம் நானும் இதையே நம்பினேன், புதியவர்களுக்கும் இதையே சொன்னேன். இந்த யோசனை தவறு. ரெட்டிகிள், அதாவது சைட்டில் தெரியும் ஒளிக்குறி, எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்பதைச் சுடுகிற தூரமும் சுடுகிறவரின் கண்ணும்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த இரண்டையும் இந்த யோசனை கேட்பதே இல்லை.

அவர்கள் தரப்பை முதலில் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

புள்ளியின் அளவை எம்.ஓ.ஏ. என்ற கணக்கில் சொல்வார்கள். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு அது. நம் பஞ்சாங்கக் கணக்கில் அதன் பெயர் கலை. 1 எம்.ஓ.ஏ. என்பது 100 மீட்டரில் 2.9 செ.மீ. ஆகவே 2 எம்.ஓ.ஏ. புள்ளி 100 மீட்டரில் 6 செ.மீ. இடத்தை மூடும், 6 எம்.ஓ.ஏ. புள்ளி 17 செ.மீ.க்கு மேல் மூடும். இலக்கை மூடிவிட்டால் அதன் நடுவில் எப்படிச் சுடுவது என்பது அவர்கள் கேள்வி. வளையத்துக்கும் காரணம் வைத்திருக்கிறார்கள். பெரிய உருவம் கண்ணில் சீக்கிரம் படும். வட்டத்தைப் பார்த்ததும் கண் தானாக அதன் நடுவைத் தேடும். ஒலிம்பிக் ஏர் ரைஃபிள்காரர்களே முன்சைட்டில் வளையம்தானே வைத்திருக்கிறார்கள்? ஆகப் புள்ளி துல்லியத்துக்கு, வளையம் வேகத்துக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் ஒன்றும் நிற்கவில்லை.

1. மூடுவதும் தவறவிடுவதும் ஒன்றா?

ஒன்று என்று வைத்துக்கொண்டுதான் சிறிய புள்ளிக்காரர்கள் பேசுகிறார்கள். 10 மீட்டர் ஏர் பிஸ்டலைப் பாருங்கள். அதில் எலெக்ட்ரானிக் புள்ளிக்கு அனுமதியே கிடையாது, திறந்த சைட் மட்டும்தான். முன்சைட்டின் அகலம் நாலரை மி.மீ. என்றும், கை நீட்டிப் பிடிக்கையில் அது கண்ணிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்கிறது என்றும் வைத்துக்கொண்டால், அது மூடும் இடம் ஏறத்தாழ 15 எம்.ஓ.ஏ. பத்துப் புள்ளி வளையத்தின் விட்டமோ 11.5 மி.மீ., அதாவது 4 எம்.ஓ.ஏ. குறி வைக்கும் பொருள் குறியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு பெரிது! பத்தை அவர்கள் பார்ப்பதுகூட இல்லை. கறுப்பு வட்டத்துக்குக் கீழே வெள்ளையில் முன்சைட்டை நிறுத்திச் சுடுகிறார்கள். அப்படிச் சுட்டுத்தான் திரும்பத் திரும்பப் பத்து எடுக்கிறார்கள்.

கண் மையத்தைக் கண்டுபிடிப்பது இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துத்தான். நெற்றியில் பொட்டு வைக்கிறவர் ஸ்கேலா வைத்துப் பார்க்கிறார்? பொட்டு பெரிதானாலும் சிறிதானாலும் சற்று விலகினால் எதிரில் நிற்பவருக்குத் தெரிந்துவிடும். 6 எம்.ஓ.ஏ. புள்ளியை ஓர் அட்டையின் நடுவில் நிறுத்துவதும் அதே வேலைதான். கண்ணுக்கு அது சிரமமே இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டப்ளினைச் சேர்ந்த ஒளியியல் கருவியாளர் ஹோவர்ட் கிரப் 1900இல் இந்த வகை சைட்டுக்குக் காப்புரிமை பெற்றபோது அதன் பெரிய லாபமே, குறியின் பிம்பம் தொலைதூரத்தில் மிதப்பதுபோல் தெரிவதுதான். பின்சைட், முன்சைட், இலக்கு என்று மூன்று இடத்தில் கண் அலைய வேண்டாம். இலக்கைப் பார்த்தால் போதும், குறி தானாக அதன்மேல் வந்து நிற்கும். 1 எம்.ஓ.ஏ. புள்ளியோ சாதாரணக் கண் பிரித்தறியும் எல்லையிலேயே இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் அதைத் தேட வேண்டியிருக்கிறது. தேடுகிற கண் இலக்கை விட்டுக் கண்ணாடிக்கு வந்துவிடுகிறது. எதற்காக இந்தச் சைட்டை வாங்கினோமோ அந்தப் பயன் அங்கேயே போய்விட்டது.

2. எந்தத் தூரத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

சிறிய புள்ளிக்கான வாதம் முழுவதும் 100 மீட்டரில் நடக்கிறது. அது ரைஃபிளின் தூரம். 100 மீட்டருக்கு அப்பால் ரைஃபிளால் சுடுகிறவருக்கு 2 எம்.ஓ.ஏ. புள்ளியே சரி, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த வாதத்தைப் பிஸ்டலுக்கு அப்படியே கொண்டுவந்துவிடுகிறார்கள். பிஸ்டல் போட்டியில் பெரும்பாலான குறிகள் 25 மீட்டருக்குள் இருக்கின்றன. அங்கே 1 எம்.ஓ.ஏ. என்பது 7 மி.மீ. 6 எம்.ஓ.ஏ. புள்ளி 25 மீட்டரில் மூடுவது நாலரை செ.மீ.கூட இல்லை. போட்டி அட்டையில் அதிக மதிப்பெண் தரும் 'ஏ' பகுதியோ சுமார் 15 செ.மீ. அகலம். 10 மீட்டரில் அதே புள்ளி மூடுவது 17 மி.மீ.; ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிது. 20 செ.மீ. இரும்புத் தட்டை 25 மீட்டரில் நிறுத்தினால் இந்தப் 'பெரிய' புள்ளி அதன் அகலத்தில் கால்வாசியைக்கூடத் தொடாது.

பிஸ்டலின் சொந்தத் திறமையையும் பார்க்க வேண்டாமா? கடையில் வாங்கின நல்ல பிஸ்டலைத் தாங்கியில் கட்டி வைத்து 25 மீட்டரில் சுட்டு, குண்டுகள் 5 செ.மீ. வட்டத்துக்குள் விழுந்தால் அதற்குமேல் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். 5 செ.மீ. என்பது 7 எம்.ஓ.ஏ. துப்பாக்கியே 7 சிதறுகிறது. அதன்மேல் 1 எம்.ஓ.ஏ. புள்ளியை மாட்டி அது துல்லியம் தரும் என்கிறோம். மூட்டை நிறுக்கும் தராசில் மில்லிகிராம் முள் பொருத்துவதுபோல் இது. டிரிஜிகான் ஆர்.எம்.ஆர். என்ற ஒரே சைட்டை 1, 3.25, 6.5 எம்.ஓ.ஏ. என்று மூன்று அளவில் விற்கிறார்கள். ஒரு தூரத்துக்குப் பொருந்தும் புள்ளி இன்னொரு தூரத்துக்குப் பொருந்தாது என்பதால்தான் இந்த வேறுபாடு. சிறியதே மேலானது என்றால் மற்ற இரண்டும் எதற்கு?

3. ஆடுவது புள்ளியா, கையா?

போன வருடம் கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் எங்களோடு சேர்ந்தான். மென்பொருள் வேலை, ஆறு மாதப் பழக்கம், நல்ல கை. ஊசிமுனை மாதிரி புள்ளி உள்ள புது சைட்டோடு வந்தான். 15 மீட்டரில் ஐந்து குண்டு சுட்டுவிட்டு அட்டையைக் கொண்டுவந்து காட்டினான். முதல் இரண்டு நடுவில், மீதி மூன்றும் இடப்பக்கம் கீழே.

"டாட்டு ஒரு இடத்துல நிக்கவே மாட்டேங்குதுங்கண்ணா. நடுவுக்கு வர்ற நேரம் பாத்துத்தான் அமுக்கறேன்."

அவன் சொன்ன அந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் கோளாறு இருக்கிறது. எவர் கையும் ஆடும். அந்த ஆட்டம் 5 எம்.ஓ.ஏ. என்று வைத்துக்கொள்வோம். 1 எம்.ஓ.ஏ. புள்ளி தன் அகலத்தைப்போல் ஐந்து மடங்கு ஓடுவதாகக் கண்ணுக்குத் தெரிகிறது, 6 எம்.ஓ.ஏ. புள்ளி இருந்த இடத்திலேயே லேசாக நடுங்குவதாகத் தெரிகிறது. கை ஒன்றுதான், ஆட்டமும் ஒன்றுதான். ஆனால் முதல் புள்ளியைப் பார்ப்பவர் பொறுக்க மாட்டார். புள்ளி நடுவைக் கடக்கும் கணத்தைப் பிடிக்கப் பார்த்து டிரிகரை வெடுக்கென்று இழுப்பார். வலதுகைக்காரர் அப்படி இழுத்தால் குண்டு இடது கீழே போகும். எந்தப் பயிற்சியாளரும் அந்த மூன்று ஓட்டைகளைப் பார்த்தவுடன் இதைச் சொல்லிவிடுவார். குண்டு 5 எம்.ஓ.ஏ. விலகுவது கை ஆட்டத்தால்; 30 எம்.ஓ.ஏ. விலகுவது டிரிகரைப் பறித்ததால். சிறிய புள்ளி முதலாவதைப் பெரிதாகக் காட்டி இரண்டாவதை வரவழைக்கிறது.

"ஆட்டம் தெரிந்தால்தானே திருத்திக்கொள்ள முடியும்?" என்று கேட்பார்கள். வெறுந்துப்பாக்கிப் பயிற்சியில் தெரியட்டும், நல்லதுதான். கடிகாரம் ஓடும்போது தெரிந்து என்ன செய்யப் போகிறோம்?

4. பெட்டியில் அச்சடித்த எண்ணையா கண் பார்க்கிறது?

இந்த விஷயத்தில்தான் வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

டெக்சஸ் வெயிலில் வெள்ளை அட்டைமேல் 1 எம்.ஓ.ஏ. புள்ளி தெரிய வேண்டுமென்றால் வெளிச்சத்தை மேலே ஏற்றியாக வேண்டும். ஏற்றினால் புள்ளி பூத்துப்போகிறது. ஓரம் கரைந்து, சுற்றிலும் செம்மை பரவி, 4 எம்.ஓ.ஏ.வோ 5 எம்.ஓ.ஏ.வோ என்று சொல்லும்படி ஆகிறது. அந்தப் பூப்புக்கு ஓரமும் கிடையாது, வட்டமும் கிடையாது. 6 எம்.ஓ.ஏ. புள்ளிக்கு அந்த அளவு வெளிச்சம் தேவைப்படுவதில்லை. குறைத்து வைத்தாலும் ஓரம் சுத்தமாக, கோலப்புள்ளி மாதிரி உட்கார்ந்திருக்கும். மாலையில் கண்மணி விரிகிறது, கண் லென்ஸின் குறைகளெல்லாம் வெளியே வருகின்றன. அப்போது கதை இன்னும் மோசம். வாங்கினது 1, பார்ப்பது வேறு ஏதோ.

அந்தப் பையனிடம் திரும்புகிறேன். அன்றைக்கே இன்னொன்றும் சொன்னான்: "டாட்டு ரவுண்டா இல்லீங்கண்ணா, வால் முளைச்ச மாதிரி இருக்குது. சைட்டு டூப்ளிகேட்டோ?"

மேகசினைக் கழற்றி, அறையில் குண்டு இல்லை என்று இருவரும் பார்த்து, ஸ்லைடைப் பின்னால் பூட்டினோம். முனை மண்மேட்டைப் பார்த்தபடியே இருக்க, துப்பாக்கியை மெல்லப் பக்கவாட்டில் சாய்த்து, சைட் வழியே பார்க்கச் சொன்னேன். துப்பாக்கி சாய்ந்தது, வால் சாயவில்லை. வலப்பக்கம் மேலே பார்த்தபடியே நின்றது. பிறகு செல்போன் கேமராவைக் கண் இருக்கும் இடத்தில் வைத்துப் படம் எடுத்தோம். படத்தில் புள்ளி உருண்டையாக இருந்தது. கோளாறு சைட்டில் இல்லை, கண்ணில். அடுத்த வாரம் கண் டாக்டரிடம் போனான். வலது கண்ணில் முக்கால் சிலிண்டர் பவர். கார் ஓட்டவும் கணினி பார்க்கவும் அது தொந்தரவு கொடுக்காததால் இருபத்தெட்டு வயதுவரை அவனுக்குத் தெரியவில்லை.

சிலிண்டர் பவர் உள்ள கண் ஒளிப்புள்ளியைப் புள்ளியாகப் பார்ப்பதில்லை. கோடாக, நட்சத்திரமாக, இரட்டையாக, திராட்சைக் கொத்தாகப் பார்க்கிறது. கொஞ்சமாவது சிலிண்டர் பவர் இல்லாத கண்கள் குறைவு. புள்ளி சின்னதாக இருந்தால் அந்த வால் புள்ளியைவிட நீளமாகிவிடும். எது புள்ளி, எது வால் என்றே தெரியாது. பெரிய புள்ளிக்கும் வால் முளைக்கும், ஆனால் உடம்பு வாலைவிடப் பெரிதாக இருப்பதால் மையம் தெரியும். முக்கோணம், கூரை மாதிரி வளைந்த செவ்ரான் இவற்றைப் பரிந்துரைக்கிறவர்களுக்கும் இதுவே பதில். அவற்றில் குறி வைப்பது உச்சி முனையால். இந்தக் கண்ணில் முதலில் கரைவது முனைதான். உருப்பெருக்கும் பிரிசம் ஸ்கோப்பில் கண்ணாடியில் பொறித்த செவ்ரான் அருமையாக வேலை செய்கிறது. அந்தப் பெயரை வைத்து, எல்.ஈ.டி. ஒளியைக் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கவிடும் சைட்டில் அதையே விற்பது சரியல்ல.

5. வளையத்தால் எவ்வளவு வேகம் கூடும் என்று யாராவது கணக்குப் போட்டார்களா?

நான் போட்டேன். பிஸ்டல் சைட்டின் கண்ணாடி உயரம் சுமார் 16 மி.மீ. கண்ணிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருக்கிறது. கோணத்தில் அது 92 எம்.ஓ.ஏ.; நடுவிலிருந்து மேலே 46, கீழே 46. துப்பாக்கியை உயர்த்தும்போது முனை 46 எம்.ஓ.ஏ.க்கு மேல் தவறிச் சாய்ந்திருந்தால் புள்ளி கண்ணாடிக்குள்ளேயே வராது. புதியவர்கள் தலையை ஆட்டி ஆட்டிப் புள்ளியைத் தேடுவது இதனால்தான். இப்போது 32 எம்.ஓ.ஏ. வளையத்தைச் சேர்ப்போம். அதன் ஆரம் 16. ஆக, முனை 62 எம்.ஓ.ஏ. தவறினாலும் வளையத்தின் ஓரமாவது தெரியும். லாபம் 16 எம்.ஓ.ஏ. கால் பாகைக்குச் சற்று மேல்.

18 செ.மீ. நீளமுள்ள பிஸ்டலில் அதை அளந்து பாருங்கள். முனை 2.4 மி.மீ. தவறும்வரை புள்ளி தெரியும். 3.2 மி.மீ. தவறும்வரை வளையம் தெரியும். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அந்த இடைவெளிக்குள் தவறுகிறவருக்கு மட்டும்தான் வளையத்தால் பயன். அதைவிடக் குறைவாகத் தவறுகிறவருக்குத் தேவையில்லை. அதிகம் தவறுகிறவருக்கு உதவாது. தினமும் பத்து நிமிடம் வெறுந்துப்பாக்கியை உயர்த்திப் பழகினால் மணிக்கட்டு இந்த இடைவெளியை ஒரு மாதத்தில் கடந்துவிடும். ரைஃபிளிலோ கன்னம் கட்டையில் பதிந்து தலை ஒரே இடத்தில் நிற்கிறது. தேடுகிற பிரச்சினையே அங்கே கிடையாது.

அதற்கு ஈடாக நாம் கொடுப்பது என்ன? கண்ணாடியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை வளையம் வளைத்துக்கொள்கிறது. பேட்டரி சீக்கிரம் தீர்கிறது.

6. ஏர் ரைஃபிள் வளையம் எங்கே, இது எங்கே?

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் பத்து என்பது அரை மி.மீ. புள்ளி. அந்தத் தூரத்தில் அது 0.2 எம்.ஓ.ஏ.கூட இல்லை, கண்ணால் பார்க்கவே முடியாது. முன்சைட் வளையத்துக்குள் 30.5 மி.மீ. கறுப்பு வட்டத்தை நிறுத்தி, சுற்றிலும் ஒரே அகலத்தில் வெள்ளை தெரியும்படி பிடித்துத்தான் அந்தக் காணாத புள்ளியைத் தொடுகிறார்கள். அந்த வளையம் ஏன் வேலை செய்கிறது? இலக்கு வட்டம். தூரம் எப்போதும் 10 மீட்டர். வளையத்தின் அளவு அந்த வட்டத்துக்கென்றே தேர்ந்தெடுத்தது. பிஸ்டல் போட்டியில் அட்டை நீளமானது. தூரம் 3 மீட்டரிலிருந்து 30 மீட்டர்வரை நொடிக்கு நொடி மாறும். அங்கே வளையம் எதன்மேலும் பொருந்தி நிற்காது. உதாரணம் அவர்கள் பக்கம் பேசவில்லை. என் பக்கம் பேசுகிறது.

வளையம் வைத்த விமானச் சைட்டும் அப்படித்தான். இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் விமானங்களில் இருந்த பார் அண்ட் ஸ்ட்ரவுட் சைட்டில் வளையம் இருந்தது. எதிரி விமானத்தின் இறக்கை நீளத்தையும் தூரத்தையும் விமானி திருகிவைத்துக்கொள்வார். நடுக்கோட்டின் இடைவெளியில் இறக்கை பொருந்தினால் சுடும் தூரம் வந்துவிட்டது. குறுக்கே பறப்பவனுக்கு எவ்வளவு முன்னால் சுட வேண்டும் என்பதை வளையம் சொன்னது. அந்தக் கோடும் வளையமும் அளவுகோல்கள்.

இதே காரணத்துக்காக ஒரு வளையத்தை நானும் ஏற்கிறேன். ரைஃபிள்களில் வரும் ஈயோடெக் ஹோலோகிராஃபிக் சைட்டில் சுமார் 65 எம்.ஓ.ஏ. வளையம் உண்டு. ரைஃபிளில் சைட் குழலுக்கு 6 செ.மீ.க்கு மேல் உயரத்தில் இருப்பதால் மிக அருகில் குண்டு குறிக்குக் கீழே விழும். 7 கஜத்தில் அந்த வளையத்தின் அடிவிளிம்பு நடுப்புள்ளிக்கு 6 செ.மீ. கீழே நிற்கிறது, குண்டும் கிட்டத்தட்ட அங்கேதான் விழுகிறது. அடிவிளிம்பை வைத்துச் சுட்டால் படும். அந்த வளையத்துக்குச் செய்ய ஒரு வேலை இருக்கிறது. பிஸ்டல் சைட் குழலை ஒட்டியே உட்கார்ந்திருப்பதால் அதில் வளையத்துக்கு அந்த வேலையும் கிடையாது.

ஆகவே, 25 மீட்டருக்குள் பிஸ்டலால் சுடுகிறவர் வளையமில்லாத 5 அல்லது 6 எம்.ஓ.ஏ. புள்ளியை வாங்கட்டும். 100 மீட்டருக்கு அப்பால் போகும் ரைஃபிள்காரர் 2 எம்.ஓ.ஏ. வாங்கட்டும். அதே ரைஃபிளால் அறை நீளத்திலும் சுட வேண்டியவருக்கு மட்டும் பெரிய வளையம் இருக்கட்டும். சிலிண்டர் பவர் இருப்பவர் முதலில் கண்ணாடி போடட்டும், பிறகு சைட் தேடட்டும். அந்தப் பையன் இன்று கண்ணாடியோடு 6.5 எம்.ஓ.ஏ. புள்ளி வைத்துச் சுடுகிறான். இடது கீழே போன ஓட்டைகள் இப்போது அட்டையின் நடுவுக்கு வந்துவிட்டன.

நீங்கள் கடைக்குப் போகும்போது நடுப்பகலில் ஒருமுறை போங்கள், பொழுது சாயும் நேரத்தில் ஒருமுறை போங்கள். பெட்டியில் இருக்கும் எண்ணைப் படிக்கும் முன் சைட்டை வாங்கி வாசலுக்கு வந்து, தெருவுக்கு எதிரே உள்ள வெள்ளைச் சுவரைப் பாருங்கள். உங்கள் மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.